சித்தி வெட்டாத தலை

கடைப் போன் மாலை நாலு பத்துக்கு அடிக்கும். அந்த நேரத்தில் யாருடைய தலை சித்தியின் கையில் இருக்கிறதோ, அந்தத் தலை அப்படியே நிற்க வேண்டியதுதான். இடது காது வரை வெட்டியாயிற்று, வலது காது பாக்கி என்றெல்லாம் அவள் பார்ப்பதில்லை. கத்திரிக்கோலை மேசையில் போட்டுவிட்டு, இரண்டே எட்டில் போனைப் பிடித்து ஸ்பீக்கரைத் தட்டிவிடுவாள். கையில் எப்போதும் சாயம் இருப்பதால் போனைக் காதில் வைக்க முடியாது என்பது அவள் சொல்லும் காரணம். சித்தப்பா பேசுவதைக் கடையில் இருக்கும் எல்லோரும் கேட்க வேண்டும் என்பது உண்மைக் காரணம்.

முதலில் ஒரு பெண் குரல் வரும். ‘இது சிறையிலிருந்து வரும் அழைப்பு. இந்த உரையாடல் பதிவு செய்யப்படும்.’ அது இயந்திரம் என்று சித்திக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் தினமும் பதில் சொல்வாள்.

“தாராளமா பதிவு பண்ணிக்கோம்மா. நீ சாப்டியா?”

அப்புறம்தான் சித்தப்பா வருவார். மொத்தம் பதினைந்து நிமிடம். பதினான்காவது நிமிடத்தில் அதே பெண் குரல் நடுவில் புகுந்து, ‘இன்னும் ஒரு நிமிடம் மட்டுமே உள்ளது’ என்னும். சாப்டியா என்று கேட்ட அதே வாயால் சித்தி அவளைப் பிடித்து விளாசுவாள். “உனக்கு அறிவிருக்காடி? புருஷன் பொண்டாட்டி பேசறப்ப குறுக்க வர்ற. உனக்குன்னு ஒரு வீடு இல்ல?”

ஒருநாள் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தலை நிறையச் சாயத்தோடு உட்கார்ந்திருந்தார். லேசான செம்பழுப்பு கேட்டிருந்தார். கழுவ வேண்டிய நேரத்தில் போன் வந்துவிட்டது. கடைசியில் கழுவியபோது தலை பழுத்த ஆரஞ்சுப் பழம் போல வந்தது. சித்தி கையைப் பிசைந்தாள். டீச்சர் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இதை விடும்மா. பல்வலிக்கு மாத்திரை குடுத்தாங்களா இல்லையான்னு அவர் சொல்லவே இல்லையே?” என்றார். அன்றிலிருந்து அவர் ஆரஞ்சு டீச்சர். இப்போதெல்லாம் வேண்டுமென்றே நாலு மணிக்குத்தான் தலையைக் கொண்டுவருகிறார்.

சித்தி முடிவெட்டுபவள். ஆண் தலை, பெண் தலை, கத்திக் கூப்பாடு போடும் குழந்தைத் தலை எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். இருபத்திரண்டு வருடமாக மனிதர்களைப் பின்னால் நின்று, எதிரே இருக்கும் கண்ணாடியில்தான் பார்க்கிறாள். அதனால் தெருவில் நேருக்கு நேர் வந்து வணக்கம் சொன்னால் யாரென்று தெரியாமல் விழிப்பாள். கொஞ்சம் திரும்பிப் பின்னந்தலையைக் காட்டினால் போதும். பெயர், வயது, பொடுகு, மாமியார் சண்டை எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். நான் அவள் அக்கா மகள், அவள் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். பள்ளிக்கூடமும் நானும் ஒன்பதாம் வகுப்போடு ஒருவரை ஒருவர் தலைமுழுகிவிட்டதால், அவள் கடையின் சுழல் நாற்காலி காலியாக இருக்கும்போதெல்லாம் நான் அதில்தான் சுற்றிக்கொண்டிருப்பேன்.

சித்தப்பா பூட்டுக்காரர். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவர்களுக்குக் கதவு திறந்து கொடுப்பவர். ஐந்து வாரமாக, விசாரணைக்குக் காத்திருப்பவர்களை அடைத்து வைக்கும் சிறையில் இருக்கிறார். அவர் அங்கே போனதற்குக் காரணம் ஒரு வாஷிங் மெஷின்.

நடந்தது இதுதான். ஒரு பெண் அழுதுகொண்டே வந்திருக்கிறாள். வீடு மாற்றுகிறோம், வண்டி வாசலில் நிற்கிறது, சாவியைக் காணோம் என்று சொல்லியிருக்கிறாள். சித்தப்பா போய்த் திறந்து கொடுத்தார். திறந்துவிட்டு வந்திருக்கலாம். அந்தப் பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகியதால் மூன்றாவது மாடியிலிருந்து வாஷிங் மெஷினைத் தனியாகக் கீழே இறக்கி, வண்டியில் ஏற்றி, அது உருளாமல் இருக்கக் கயிறும் கட்டினார். வண்டி புறப்பட்டபோது கையை ஆட்டி டாட்டா காட்டினார். அந்த வீடு அவளுடையது அல்ல. உண்மையான வீட்டுக்காரர்கள் திரும்பி வந்தபோது திரைச்சீலைகூட மிஞ்சவில்லை. மாடிப்படிக் கேமராவில் அந்தப் பெண்ணின் முதுகு மட்டும்தான் விழுந்திருந்தது. சித்தப்பாவின் முகம் சிரித்தபடி, ஸ்டூடியோவில் எடுத்தது போல விழுந்திருந்தது. போலீஸ்காரர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வருகிறது.

கதவு திறக்க ஆள் தேடி இன்னமும் பலர் கடைக்கு வருவார்கள். சித்தி மூடி மறைக்கிற ரகம் இல்லை. “அவர் உள்ள இருக்காரு” என்று பளிச்சென்று சொல்வாள். ஒருவர் தலையாட்டிவிட்டு, உள் அறையைப் பார்த்தபடி அரை மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். நான் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தேன். ‘இப்போது வந்துவிடுவார்’ என்று மட்டும் சொல்லவில்லை. எனக்கும் ஒரு மனசாட்சி உண்டு.

போனில் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று எங்கள் வக்கீலம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சித்தப்பாவுக்கோ மனதில் வேறு எதுவும் இல்லை. “அன்னைக்கு அந்தப் பொம்பள எங்கிட்ட என்ன சொன்னான்னா...” என்று ஆரம்பிப்பார். அவ்வளவுதான், சித்தி தலை உலர்த்தும் டிரையரை முழு வேகத்தில் போட்டுப் போனுக்கு நேராகப் பிடிப்பாள். கடை முழுக்கப் புயல். துண்டுகள் பறக்கும். ஒரு நிமிடம் கழித்து அணைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல, “ம், சொல்லுங்க. தலையணை மாத்திக் குடுத்தாங்களா?” என்பாள்.

இது வக்கீலம்மா காதுக்குப் போனது. அவரே கடைக்கு வந்துவிட்டார்.

“என்னம்மா பண்றீங்க? பதிவுல பாதி வெறும் இரைச்சலா இருக்காம். ஏதோ மறைக்கற மாதிரி இருக்கும்மா.”

“மறைக்கத்தானே சொன்னீங்க?”

“பேச வேணாம்னு சொன்னேன்.”

“நான் எங்கம்மா பேசினேன்? காத்துதானே பேசுச்சு.”

வக்கீலம்மா நாற்காலியில் உட்கார்ந்து நுனி முடியை மட்டும் வெட்டிக்கொண்டு போனார்.

கடிதமும் உண்டு. சிறைக்கு வெறும் அஞ்சலட்டைதான் அனுப்பலாம். ஸ்டிக்கர் கூடாது, வாசனை கூடாது, வேறு எந்தப் பொருளும் ஒட்டியிருக்கக் கூடாது. சித்தியின் முதல் அட்டை திரும்பி வந்தது. ‘அனுமதி இல்லாத பொருள்’ என்று முத்திரை. பக்கத்தில் பேனாவால் ‘முடி’ என்று எழுதியிருந்தது. இரண்டாவது அட்டை ‘வேறு நிறத்தில் முடி’ என்று வந்தது. மூன்றாவதில் ‘மறுபடியும் முடி’. எழுதிய கை சற்று அழுத்தியிருந்தது. முடிவெட்டும் கடையில் காற்றே முடிதான், என்ன செய்வது? இப்போது அவள் குளித்து, துவைத்த உடுப்பு மாற்றி, பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்துதான் எழுதுகிறாள். எழுதி முடித்ததும் அட்டையைக் காற்றில் நான்கு முறை உதறுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள்.

அதில் என்ன எழுதுகிறாள் என்று நான் எட்டிப் பார்த்திருக்கிறேன். அன்பே ஆருயிரே ஒன்றும் இல்லை. ‘குளியலறைக் குழாய் சொட்டுகிறது. சமையலறை ஜன்னல் மூடவில்லை. மேசைக்கு ஒரு கால் ஆடுகிறது. நான் யாரையும் கூப்பிடவில்லை. நீங்கள் வந்து பாருங்கள்.’ வீட்டில் எது உடைந்தாலும் தொட விடுவதில்லை. குளியலறைத் தாழ்ப்பாள் கழன்று விழுந்து மூன்று வாரம் ஆகிறது. பூட்டுக்காரர் வீட்டில், உள்ளே ஆள் இருப்பது தெரிய வேண்டும் என்பதற்காக நாங்கள் பாடிக்கொண்டே குளிக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்கலாம். இருபது நிமிடம். நடுவில் தடித்த கண்ணாடி, இந்தப் பக்கம் ஒரு ரிசீவர், அந்தப் பக்கம் ஒரு ரிசீவர். ஆனால் அதற்கு முன் உலோகம் கண்டுபிடிக்கும் வாசலைத் தாண்ட வேண்டும். சித்தி உடம்பில் ஊசி, கிளிப், கொக்கி இல்லாத இடமே கிடையாது. வேலை செய்யும்போது எங்கே துணி கிடைக்கிறதோ அங்கே குத்தி வைப்பாள். வாசல் ‘பீப்’ என்று கத்தும். காவலரம்மா ஒரு தட்டை நீட்டுவார்.

“எல்லாத்தையும் எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சும்மா. இதான் கடைசி.”

பீப்.

“அக்கா...”

“ஐயோ, இது காலர்ல இருந்திருக்கு. இப்ப சத்தியமா ஒண்ணும் இல்ல.”

பீப்.

ஒருமுறை பதினேழு கிளிப்புகள் தட்டில் விழுந்தன. அதில் மூன்று நான் அவள் முதுகில் குத்திவிட்டவை. காவலரம்மாவுக்கு முன்நெற்றியில் முடி கொட்டுகிறது. பீப் சத்தத்துக்கு நடுவிலேயே ஆலோசனை நடக்கும். “தொப்பியை ரொம்ப இறுக்காதம்மா. வேரு மூச்சு விட வேணாமா? பாவம், உன் தலையும் உள்ள அடைஞ்சு கிடக்குது.” காவலரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, “போங்கக்கா, நேரம் ஓடுது” என்பார்.

ஒரு குறும்பைப் பற்றி மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த இயந்திரப் பெண் குரலை எனக்கு அச்சு அசலாகப் பேச வரும். ஒருநாள் மதியம் எதிர்க் கடையிலிருந்து போன் போட்டு, ‘இது சிறையிலிருந்து வரும் அழைப்பு’ என்றேன். கண்ணாடிக் கதவு வழியே சித்தி தெரிந்தாள். மதியத்தில் போன் வந்ததே என்று பதறி, ஒருவர் தலையில் நுரையோடு அவரை விட்டுவிட்டு ஓடி வந்தாள். “பதிவு பண்ணிக்கோம்மா, சீக்கிரம் குடும்மா” என்றாள். அப்புறம் காத்திருந்தாள். எனக்குச் சித்தப்பாவின் குரல் வராது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனை வைத்துவிட்டேன். ‘லைன் கட்டாயிடுச்சு போல’ என்று அன்று மாலை வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். இதைப் படித்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். சீப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

நாலாவது வாரம் சித்தப்பாவின் பேச்சு சுருங்க ஆரம்பித்தது. குழாயைப் பற்றிக் கேட்பதில்லை. ஜன்னலைப் பற்றிக் கேட்பதில்லை. கடையில் யார் இருக்கிறார்கள் என்றுகூட விசாரிக்கவில்லை. ஒருநாள், “நீ இனிமே ஞாயித்துக்கிழமை வராத. கடைய மூடிட்டு இவ்ளோ தூரம் வந்து என்னத்த பாக்கப் போற” என்றார்.

“உங்களை யாரு பாக்க வந்தா? எனக்கு அந்தக் காவலரம்மா தலைய பாக்கணும்.”

சாதாரணமாக இதற்கு அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. ஆரஞ்சு டீச்சர் கண்ணாடியில் சித்தியைப் பார்த்தார். சித்தி சீப்பிலிருந்த முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். மூன்று நிமிடம் பாக்கியிருக்கும்போதே சித்தப்பா போனை வைத்துவிட்டார். பதினைந்து நிமிடத்தையும் அவர் பேசித் தீர்க்காதது அதுதான் முதல் தடவை.

அந்த வாரமே வக்கீலம்மா செய்தி கொண்டுவந்தார். வரும் வியாழக்கிழமை நீதிபதி முன்னால் விண்ணப்பம் வருகிறது. வழக்கு முடியும்வரை சித்தப்பாவை வீட்டுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று அன்று முடிவாகும். அவரை நேரில் கொண்டுவர மாட்டார்கள். சிறையிலிருந்தே வீடியோ திரையில் காட்டுவார்கள்.

“முழு ஆளும் தெரியுமா?” என்றாள் சித்தி.

“நெஞ்சுக்கு மேலதாம்மா தெரியும்.”

“அப்போ தலைதான் முழு ஆளு.”

வக்கீலம்மா சட்டம் என்று ஏதோ ஆரம்பித்தார். சித்தி காதில் போட்டுக்கொள்ளவில்லை. நல்ல மனுஷன் என்று நீதிபதி நம்ப வேண்டும். நம்ப வேண்டுமென்றால் தலை நம்பும்படி இருக்க வேண்டும். ஐந்து வாரமாக வெட்டாத தலையைப் பார்த்தால் யாருக்கும் வாஷிங் மெஷின் ஞாபகம்தான் வரும். கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தலையில் சித்தியைத் தவிர யாரும் கத்திரி வைத்ததில்லை.

சிறைக்குள் முடிவெட்ட ஒரு கைதி இருந்தார். எல்லோரும் அவரைப் புல்லு என்று கூப்பிடுவார்கள். “முன்னாடி பூங்காவுல புல்லு வெட்டிட்டு இருந்தாராம். தங்கமான மனுஷன். எல்லாருக்கும் ஒரே உயரம்தான்” என்று சித்தப்பாவே முன்பு சொல்லியிருக்கிறார். சித்திக்குத் தூக்கம் போய்விட்டது.

ஏனென்றால் சித்தப்பாவின் தலை லேசுப்பட்டதல்ல. அவருக்கு இரட்டைச் சுழி. வலது சுழி சாது. எப்படி வெட்டினாலும் படிந்துவிடும். இடது சுழி ரவுடி. அந்த இடத்தில் முடியை நீளமாக விட்டுச் சீவி அமுக்கினால்தான் அடங்கும். குட்டையாக வெட்டினால் நட்டுக்கொண்டு நிற்கும். இரட்டைச் சுழிக்காரருக்கு இரண்டு கல்யாணம் என்று யாராவது வம்பிழுத்தால் சித்தி அசர மாட்டாள். “அந்த ரெண்டாவது சுழியைத்தான் இத்தனை வருஷமா அமுக்கி வெச்சிருக்கேன்” என்பாள்.

சனிக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டாள்.

“அடியே, வந்து உக்காரு.”

“எதுக்கு?”

“மாதிரி காட்டணும்டி. வாயால சொன்னா அவருக்கும் புரியாது, அந்தப் புல்லுக்கும் புரியாது.”

அரை மணி நேரத்தில் பதினாறு வயதுப் பெண்ணான என் தலையில் ஐம்பது வயதுப் பூட்டுக்காரரின் தலை வந்து உட்கார்ந்தது. காதோரம் சுத்தம், கழுத்து சுத்தம், மேலே வங்கி மேலாளர். எனக்கு ஒற்றைச் சுழிதான். இரண்டாவதைப் புருவப் பென்சிலால் மண்டைத் தோலில் வரைந்தாள். நான் எதிர்க்கவில்லை. அவருடைய தலை எனக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அதை மட்டும் சித்தியிடம் சொல்லவில்லை. பதிலுக்கு ஒரு மாதம் நான் கடையைப் பெருக்க மாட்டேன் என்று பேரம் பேசிக்கொண்டேன்.

மறுநாள் சிறை வாசலில் காவலரம்மா என் தலையையே பார்த்தார்.

“பாப்பா, தலைல என்ன அது?”

“மச்சம்.”

“பொய் சொல்றா. சுழிம்மா. நான்தான் வரைஞ்சேன்,” என்றாள் சித்தி.

காவலரம்மா சுவரில் ஒட்டியிருந்த விதிகளை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை படித்தார். “வரைஞ்ச சுழி பத்தி ஒண்ணும் போடல. போங்க.”

கண்ணாடிக்கு முன்னால் ஒரே ஒரு முக்காலி. அதில் என்னை உட்கார வைத்து, தலையைக் குனிய வைத்து, எனக்குப் பின்னால் நின்றுகொண்டாள். கடையில் நிற்பது போலவே. ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். என் மூக்கு மேசைப் பலகையில் நசுங்கியது. எனக்கு எதுவும் தெரியவில்லை. சித்தியின் விரல் கத்திரிக்கோல் மாதிரி என் தலையில் ஓடியது மட்டும் தெரிந்தது.

“பேசாம பாருங்க. இந்தப் பக்கம் ரவுடி. இதுல கையே வெக்கக் கூடாது. நீளமா விட்ரணும். இந்தப் பக்கம் சாது. இங்க எவ்ளோ வேணாலும் எடுக்கலாம். வகிடு இங்க. காதுகிட்ட இப்படி வளைச்சு... ஏங்க, என்ன பாக்கறீங்க? என் மூஞ்சிய ஏன் பாக்கறீங்க, தலைய பாருங்க!”

அப்போது சித்தப்பா சிரித்தார். ரிசீவர் வழியாகக் கொசு ரீங்காரம் போலத்தான் எனக்குக் கேட்டது. ஆனால் சிரிப்புதான். சித்தியின் விரல்கள் என் மண்டையில் ஒரு நொடி அப்படியே நின்றன. அப்புறம் முன்னைவிட வேகமாக ஓடின. இருபது நிமிடமும் அதே பாடத்தை மூன்று முறை நடத்தினாள். திரும்பி வரும் வழியில் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் வலியப் பேசி, அவர் தலைக்கு என்ன வெட்டு பொருந்தும் என்று விளக்கிக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை ஒருவர் தலையை வெட்டிக்கொண்டிருந்தவள் கையைத் தூக்கியபடியே நின்றுவிட்டாள். எதிரே கண்ணாடியில் ஒரு தலை, தலைக்குப் பின்னால் அவள்.

“ஐயையோ,” என்றாள்.

கல்யாணத்திலிருந்து மாதம் ஒருமுறை சித்தப்பா பார்த்த காட்சி அது ஒன்றுதான். எதிரே கண்ணாடி, அதில் ஒரு தலை, பின்னால் சித்தி. அந்தக் கண்ணாடியில் வலது கைப் பக்கம் தெரிவது அவருடைய வலது. இடது கைப் பக்கம் தெரிவது அவருடைய இடது. நேற்றும் எதிரே கண்ணாடி, ஒரு தலை, பின்னால் சித்தி. ஆனால் நேற்று அதில் தெரிந்தது அவருடைய பிம்பம் அல்ல. நான். என்னுடைய இடது, எதிரே உட்கார்ந்திருந்த அவருக்கு வலது கைப் பக்கம். பல வருடப் பழக்கத்தில் அவர் என் தலையைத் தன் தலையாகப் பார்த்திருப்பார் என்று சித்திக்கு அந்த நொடியில் உறைத்துவிட்டது.

நாலு பத்துக்குப் போன் வந்தது. பெண் குரலிடம் சாப்டியா என்றுகூடக் கேட்கவில்லை.

“வெட்டிட்டீங்களா?”

“ஆச்சு, ஆச்சு. அப்படியே நீ காட்டின மாதிரி!” சித்தப்பாவின் குரலில் அவ்வளவு பெருமை. “புல்லு பயந்துட்டே வெட்டினாரு. நான்தான் தைரியம் சொன்னேன். வலது பக்கம் தொடவே விடல. இடது பக்கம் நல்லா ஒட்ட எடுத்தாச்சு.”

ஆரஞ்சு டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வயிற்றில் முட்டியது. சித்தியைப் பார்த்ததும் அது அங்கேயே நின்றுவிட்டது.

“எப்படி இருக்கு?” என்றாள் மெதுவாக.

“தெரியல. இங்க கண்ணாடி கிடையாதே. ஆனா பாக்கறவங்க எல்லாம் சிரிக்கறாங்க. இங்க இவ்ளோ பேர் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. நல்லாத்தானே இருக்கும்?”

“அழகா இருக்கும்,” என்றாள் சித்தி.

போனை வைத்ததும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். “நானே கெடுத்துட்டேன். அவரு பாட்டுக்குப் புதரா இருந்திருப்பாரு. புதரைப் பாத்தா பரிதாபமாவது வரும்.” செவ்வாயும் புதனும் முதலுதவி நடந்தது. தண்ணீர் தொட்டு அமுக்குங்கள் என்றாள். அமுக்கினார். இரவு எதையாவது கட்டிக்கொண்டு படுங்கள் என்றாள். சிறையில் கொடுத்த வெள்ளைக் காலுறையைத் தலையில் இழுத்து மாட்டிக்கொண்டு இரண்டு இரவு தூங்கினார். “படிஞ்சிடுச்சா?” என்றால், “புல்லுகிட்ட கேட்டேன். வளந்திருக்குன்னு சொல்றாரு” என்றார்.

வியாழன் காலை நீதிமன்றத்தில் சித்தி, நான், ஆரஞ்சு டீச்சர் மூவரும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். சுவரில் திரை ஒளிர்ந்தது. சித்தப்பா வந்தார்.

வலது பக்கம் முடி அடர்ந்து ஒரு மெத்தை போலச் சரிந்திருந்தது. இடது பக்கம் கிட்டத்தட்ட வழுக்கை. அந்த வழுக்கையின் நடுவில் ஒரு கொத்து முடி, விரலைத் தூக்கி ‘ஐயா, ஒரு சந்தேகம்’ என்று கேட்பது போல நேராக நின்றது. சித்தி என் கையைப் பிடித்தாள். வலித்தது.

நீதிபதி ஒரு பெண். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“உங்க தலைக்கு என்ன ஆச்சு? உள்ளே உங்களை யாராவது ஏதாவது பண்ணாங்களா?”

“இல்லம்மா. நானேதான் சொல்லி வெட்டிக்கிட்டேன்,” என்றார் சித்தப்பா.

“இப்படியா?”

“என் சம்சாரம் காட்டின மாதிரிம்மா. அவங்க பாப்பா தலைல காட்டினாங்க. அவங்க சொன்னா சரியா இருக்கும்.”

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார். அரசு வக்கீல் எழுந்தார். “அம்மா, இவர் சாதாரண ஆள் இல்லை. தொழில்ல கைதேர்ந்தவர். எந்தப் பூட்டையும் மூணு நிமிஷத்துல திறந்துடுவார்.”

“ஒன்றரை நிமிஷம் சார்,” என்றார் சித்தப்பா.

வக்கீலம்மாவின் பேனா கீழே விழுந்தது. “நீங்க பேசாதீங்க” என்று திரையைப் பார்த்துக் கையால் சைகை காட்டினார். திரையிலிருப்பவருக்கு அது தெரியாது. நீதிபதி முன்னால் சாய்ந்தார்.

“பூட்டு திறந்தீங்க சரி. அந்த வாஷிங் மெஷினை ஏன் தூக்கினீங்க?”

“அந்தம்மாவுக்கு இடுப்பு வலிம்மா.”

“டாட்டா ஏன் காட்டினீங்க?”

“அவங்க காட்டினாங்களேம்மா. நாம காட்டலன்னா என்ன நினைப்பாங்க?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அரசு வக்கீல் தொண்டையைச் செருமினார். “இவரை வெளியே விட்டா தலைமறைவாயிடுவார்னு பயப்படறோம்.”

“இந்தத் தலையோடயா?” என்றார் நீதிபதி.

அறை முழுவதும் சிரித்தது. ஆரஞ்சு டீச்சர் சிரித்தார். எழுத்தர் சிரித்தார். திரையில் சித்தப்பாவும், எதற்கென்று தெரியாமலேயே, நல்ல மனதோடு சிரித்தார். சித்தி மட்டும் சிரிக்கவில்லை. நீதிபதியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீதிபதி தாள்களைப் புரட்டினார். ரொம்ப நேரம் புரட்டினார். “அந்தப் பெண் யாருன்னு இன்னும் ஒண்ணும் தெரியல. இன்னைக்கே இவரை அனுப்ப முடியாது,” என்றார். அப்புறம் அரசு வக்கீலைப் பார்த்தார். “ரெண்டு வாரம் தர்றேன். இவருக்கும் அவளுக்கும் சம்பந்தம் இருக்குன்னு ஏதாவது கொண்டு வாங்க. இல்லன்னா அன்னைக்கு இவர் வீட்டுக்குப் போவார்.”

இரண்டு வாரம். வக்கீலம்மா திரும்பி எங்களைப் பார்த்து, நல்லதுதான் என்பது போலத் தலையாட்டினார். நல்லதுதான். ஆனால் சித்தி காலையில் வீட்டைப் பெருக்கி, அவருடைய சட்டையைத் தேய்த்து நாற்காலியில் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

“அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா?” திரையிலிருந்து சித்தப்பா. “அவங்க வந்திருக்காங்களா? எனக்கு இங்க உங்களை மட்டுந்தாம்மா தெரியுது.”

நீதிபதி எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் எழுந்துபோய்க் கேமராவை எங்கள் வரிசைப் பக்கம் திருப்பினார்.

சித்தி எழுந்து நின்றாள். பேசக் கூடாது என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். உள்ளங்கையில் எச்சில் தொட்டு, கையைத் தூக்கி, எட்டாத தூரத்தில் இருந்த அந்தத் திரைக்கு நேராகக் காற்றை மெல்ல அமுக்கினாள். சித்தப்பா ஒரு நொடி பார்த்தார். அப்புறம், திரை முழுக்கத் தலைதான் தெரிகிற அளவுக்கு, குனிந்து கொடுத்தார்.